சரவாங்கிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குணமாகுமா? அம்மா பழைய மாத்திரையை நிறுத்திவிட்டார்

கெடிலக்கரை
ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 54. பாடலீசுவரர் கோயில் பக்கம் பூ வியாபாரம். பாவாடை கட்டிய வயதிலிருந்து பூக் கட்டிய கை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில் விரல் மடங்கவில்லை என்றார். பனி என்று விட்டுவிட்டோம். மாசி போயும் சரியாகவில்லை. இரண்டு கையிலும் நடு மூட்டுகள் வீங்கி, வாழைநாரைச் சுண்டி முடிச்சுப் போட முடியாத நிலை வந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற ரத்தச் சோதனைகள் இரண்டுமே பாசிட்டிவ். சரவாங்கி (ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்றார்கள். மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதோடு ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின்.

நாலைந்து மாதத்தில் கை திரும்பி வந்தது. ஆனால் திங்கட்கிழமை முழுக்கக் குமட்டல். சோற்று வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவார். முடியும் கொட்டியது.

போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் மாமா (அம்மாவின் தம்பி) ஒரு வீடியோ அனுப்பினார். சரவாங்கிக்குக் காரணம் மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியாம். திங்கள், புதன், வெள்ளி மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் வேரோடு போய்விடுமாம். அங்கே ஒரு பெரிய டாக்டர் காலமெல்லாம் அப்படித்தான் வைத்தியம் பார்த்தாராம். இங்கே கடையில் மினோசைக்ளின் கேட்டதற்கு, சீட்டுகூடக் கேட்காமல் டாக்சிசைக்ளினைக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா மூன்று வாரமாக அதைச் சாப்பிடுகிறார். மெத்தோட்ரெக்சேட்டை எனக்குச் சொல்லாமலே நிறுத்திவிட்டார். இன்று அட்டையை எடுத்துப் பார்த்தபோதுதான் மூன்று ஞாயிறு மாத்திரையும் அப்படியே இருந்தது.

குமட்டல் போனதில் அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் முந்தாநாளிலிருந்து வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. "கிருமி சாகும்போது முதலில் கூடும், அப்புறம் இறங்கும், பயப்படாதே" என்கிறார் மாமா. அவர் அக்கா மேல் உயிரையே வைத்திருப்பவர். கெட்டது நினைத்துச் சொல்லவில்லை.

இதில் எவ்வளவு உண்மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம்_88
ஞாயிறு, இரவு 10:05

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு மூட்டுவலிக்கு 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடுகிறார்கள். அதுவும் ஆன்டிபயாட்டிக்தானே? அப்படியென்றால் உங்கள் மாமா சொல்வது சரியாகத்தானே இருக்கும்?

பாகூர்_அக்கா
ஞாயிறு, இரவு 10:50

தம்பி கெடிலக்கரை, முதலில் உங்களுக்கு. 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா? அந்த மணிக்கட்டு மட்டும் சிவந்து, தொட்டால் கொதிக்கிறதா? இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சரவாங்கி உள்ளவர்களுக்கு மூட்டில் சீழ் பிடிப்பது மற்றவர்களைவிட அதிகம். ஒரே மூட்டு திடீரென்று பெரிதாக வீங்கினால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அதற்கு உண்மையிலேயே ஆன்டிபயாட்டிக் வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்து, நரம்பு வழியாகப் போடுகிற மருந்து. கடையில் வாங்குகிற டாக்சி இல்லை.

காய்ச்சல் இல்லை, மற்ற கையிலும் லேசாக வலி என்றால், பழைய நோய்தான் தலை தூக்குகிறது. அப்படியானால் நாளை காலையில் டாக்டரைப் பாருங்கள்.

"கிருமி சாகும்போது கூடும்" என்பதை நானும் வார்டில் பார்த்திருக்கிறேன். எலிக்காய்ச்சலிலும் மேகநோயிலும் முதல் டோஸ் போட்ட சில மணி நேரத்தில் குளிர்க் காய்ச்சல் தூக்கும், மறுநாளைக்குள் அடங்கும். மூன்று வாரம் கழித்து மணிக்கட்டு வீங்குவதற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

தேவனாம்பட்டினம், உங்கள் தெருப் பெண்ணுக்குப் போடுவது ருமாட்டிக் காய்ச்சலுக்கு. இங்கே பேசுவது ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். பெயர் ஒன்று போலக் கேட்பதால் நம் ஊரில் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் வருவது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து போன இரண்டு மூன்று வாரத்தில் முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்கும். மூட்டு தானாக ஆறிவிடும், கோணாது. ஆனால் இதய வால்வைக் கெடுத்துவிடும். மறுபடி தொண்டைக் கிருமி வந்தால் வால்வு இன்னும் கெடும் என்பதற்காகத்தான் வருடக்கணக்கில் பென்சிலின். அது இதயத்தைக் காக்கும் ஊசி.

சரவாங்கி அப்படி இல்லை. விரல், மணிக்கட்டு, கால் விரல் என்று சின்ன மூட்டுகளில், இரண்டு பக்கமும் ஒன்று போல வரும். விட்டால் எலும்பை அரிக்கும். பென்சிலினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் நடப்பது என்ன? மூட்டுவலி என்று போனதும் ஏ.எஸ்.ஓ. என்று ஒரு ரத்தச் சோதனை எழுதுவார்கள். அது எப்போதோ தொண்டைக் கிருமி வந்து போயிருக்கிறது என்று மட்டும் காட்டும். நம் ஊரில் எத்தனையோ பேருக்கு, ஒரு நோயும் இல்லாமலே, அது கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்துப் பென்சிலின் ஆரம்பித்துவிடுவார்கள். என் சொந்த நாத்தனாருக்கு 40 வயதுக்கு மேல் விரல் மூட்டு வீங்கியது. ஒரு தனியார் கிளினிக்கில் ஏ.எஸ்.ஓ.வைப் பார்த்து மூன்று வருடம் அந்த ஊசி. இடுப்பில் கல் மாதிரி இறுகும், இரண்டு நாள் உட்கார முடியாது. மூன்று வருடமும் சரவாங்கி உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. சரியான மருந்து ஆரம்பித்தபோது விரல்கள் சுண்டு விரல் பக்கம் சாய்ந்துவிட்டன. அவளால் இன்றைக்கும் குடத்தை விளிம்பில் பிடித்துத் தூக்க முடியாது. நான் நர்ஸாக இருந்தும் அப்போது கேட்காமல் விட்டேன்.

கெடிலக்கரை
ஞாயிறு, இரவு 11:15

நன்றி அக்கா. காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். இடது கையிலும் இரண்டு விரல் பிடித்திருக்கிறதாம், எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார். நாளைக் காலை போகிறோம்.

நெல்லிக்குப்பத்தான்
திங்கள், காலை 6:30

யாரும் கோபிக்க வேண்டாம். நான் மினோசைக்ளின் சாப்பிட்டுக் குணமானவன். 2006-இல் சிக்குன்குன்யா வந்தபோது இரண்டு கையும் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் போயும் வலி போகவில்லை. கரும்பு வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாது. சரவாங்கி ஆரம்பம் என்றார் ஒருவர். சென்னையில் இன்னொரு டாக்டர் மினோசைக்ளின் 100 காலை, மாலை எழுதினார். 14 மாதம் சாப்பிட்டேன். போய்விட்டது. இன்று வரை வரவில்லை. ஸ்டீராய்டு இல்லை, கேன்சர் மருந்து இல்லை.

மெத்தோட்ரெக்சேட் கேன்சருக்குக் கொடுப்பது என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் சாப்பிடச் சொல்கிறீர்கள், சாதாரண ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் குற்றமா? காப்புரிமை முடிந்த மருந்தில் லாபம் இல்லை என்பதால் மறைக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வில்லியனூர்_டீச்சர்
திங்கள், மாலை 5:20

பள்ளி விட்டு வந்து எழுதுகிறேன், நீளமாக இருக்கும். எனக்குச் சரவாங்கி வந்து 18 வருடம். ஆரம்பத்தில் நானும் இந்த ஆன்டிபயாட்டிக் வழியைத் தேடித் தேடிப் படித்தேன். கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியாத நாட்களில், ஒரு கிருமிதான் காரணம், அதைக் கொன்றால் போதும் என்று யாராவது சொன்னால் அது எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நெல்லிக்குப்பம் ஐயா, இதை யாரும் மறைக்கவில்லை. நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மாமா சொன்ன டாக்டர் தாமஸ் மெக்பெர்சன் பிரவுன். போலி இல்லை, முறையாகப் படித்த மூட்டுவாத நிபுணர். 1930-களின் கடைசியில் மூட்டு நீரில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய கிருமி வகையைக் கண்டதாகச் சொல்லி, டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகளை விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையை வைத்திருந்தார். திங்கள், புதன், வெள்ளி என்பது அவர் வழிதான். 1989-இல் இறந்தார்.

அவர் காலத்துக்கு முன்பே இந்த எண்ணம் இருந்தது. 1929-இல் ஃபோரெஸ்டியே என்ற பிரெஞ்சு மருத்துவர் சரவாங்கிக்குத் தங்க உப்பு ஊசி போட்டார். காசநோய்க் கிருமியைத் தங்கம் ஒடுக்கும் என்று அப்போது நம்பினார்கள், சரவாங்கியும் அந்த மாதிரித் தொற்று என்று நினைத்துத்தான் போட்டார். சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், இதுவும் தொற்றுதான் என்று எண்ணி, கிருமிக்கு ஒரு சல்ஃபா மருந்தும் வீக்கத்துக்குச் சாலிசிலேட்டும் ஒரே மூலக்கூறில் சேர்த்துக் கட்டினார். அதுதான் சல்ஃபாசலசின். 1940-களின் கடைசியில் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை அதைப் பயனில்லை என்று தள்ளியது. முப்பது வருடம் தூசி படிந்து கிடந்து, 1970-களின் கடைசியில் பர்மிங்ஹாமில் மறுபடி சோதித்தபோது வேலை செய்வது தெரிந்தது. இன்று நான் தினமும் விழுங்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான். அந்த அம்மாள் நினைத்த காரணம் நிரூபணமாகவில்லை, செய்த மருந்து மட்டும் நிலைத்தது. மருந்து கேட்கிறது என்பதை வைத்து, அப்படியானால் கிருமிதான் காரணம் என்று திரும்பிப் போக முடியாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியா மருந்துக் குடும்பத்திலிருந்து வந்தது. அதற்காகச் சரவாங்கியை மலேரியா என்று சொல்வோமா?

மினோசைக்ளினுக்கு வருகிறேன். 1995-இல் அமெரிக்காவில் 219 நோயாளிகளை வைத்து 48 வாரம் சோதித்து வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மினோசைக்ளின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மூட்டு வீக்கம் குறைந்தது மருந்து சாப்பிட்டவர்களில் 54 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 39 சதவீதம். மருந்து வேலை செய்கிறது, ஆனால் சுமாராக. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த 39 சதவீதத்தை இன்னொரு முறை பாருங்கள். ஒன்றுமே இல்லாத மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் நாற்பது பேர் "எனக்குக் குறைந்தது" என்று சத்தியம் செய்வார்கள், அதில் பொய் இருக்காது. இந்த நோய் தானாகவே ஏறி இறங்குகிற நோய்.

நோய் புதிதாக வந்தவர்களிடம் இன்னும் நன்றாக வேலை செய்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஓடெல் என்ற மருத்துவரின் குழுவினர் 1997-இல் வெளியிட்ட 46 பேர் சோதனையில், நோய் பாதிக்கு மேல் குறைந்தவர்கள் மினோசைக்ளின் பக்கம் 65 சதவீதம், மறுபக்கம் 13. ஆகவே அம்மாவின் தம்பி காற்றில் கோட்டை கட்டவில்லை. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கத்தின் 2012 வழிகாட்டியில்கூட மினோசைக்ளின் இருந்தது. 2015-இல் அதிகம் பயன்படுவதில்லை என்று எடுத்துவிட்டார்கள்.

ஆனால் கிருமியைக் கொன்றதாலா வேலை செய்தது? அதே ஓடெல் குழு 2006-இல் 66 பேருக்குச் செய்த சோதனை இருக்கிறது. எல்லோருக்கும் மெத்தோட்ரெக்சேட் உண்டு. ஒரு கூட்டத்துக்குக் கூடவே டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் இரு வேளை. இன்னொரு கூட்டத்துக்கு 20 மில்லிகிராம் இரு வேளை. மூன்றாம் கூட்டத்துக்கு வெறும் மாத்திரை. 20 மில்லிகிராம் கிருமியைக் கொல்லப் போதாது. ஆனாலும் இரண்டு கூட்டத்துக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்று, 39 சதவீதமும் 42 சதவீதமும். வெறும் மாத்திரைக் கூட்டத்தில் 12.5. கிருமி செத்துத்தான் குணம் வருகிறது என்றால் இது நடந்திருக்காது. டெட்ராசைக்ளின் குடும்பத்துக்கு இன்னொரு குணம் உண்டு: மூட்டின் குருத்தெலும்பைத் தின்னும் கொலாஜினேஸ் போன்ற நொதிகளை அடக்கும். 1980-களில் ஈறு நோயை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தது அது. 20 மில்லிகிராம் டாக்சி அமெரிக்காவில் ஈறு நோய்க்காகவே அனுமதி பெற்ற மருந்து.

இங்கே இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தச் சோதனையில் டாக்சியை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அதை நிறுத்திவிட்டுக் கொடுக்கவில்லை.

கெடிலக்கரை தம்பி, எனக்குப் பயம் டாக்சி மேல் இல்லை. அம்மா விட்ட அந்த மூன்று ஞாயிறு மேல்தான். முதல் இரண்டு வருடத்தில்தான் எலும்பு அரிப்பு வேகமாக நடக்கும். உங்கள் அம்மா சரியாக அந்த இடத்தில் நிற்கிறார். ஆன்டி சிசிபி பாசிட்டிவ் என்றால் அரிப்பு வர வாய்ப்பும் அதிகம்.

மருந்துக்கடை_முதுநகர்
திங்கள், இரவு 8:45

மருந்தாளுநராக இருக்கிறேன். சீட்டு இல்லாமல் டாக்சி கொடுத்தது தவறு. எங்கள் தொழிலில் இது நடக்கிறது, வருத்தமாக இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு டாக்சி பழக்கமான பெயர், வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் பேச்சும் டாக்சி பேச்சும் சேர்ந்தே வரும். அதனால் அதைப் பாராசிட்டமால் மாதிரி நினைக்கிறார்கள்.

நடைமுறை விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மினோவும் டாக்சியும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றுக்குப் பதில் ஒன்று ஆகாது. டீச்சர் சொன்ன பெரிய சோதனைகள் மினோவில் நடந்தவை. மினோவை மாதக்கணக்கில் சாப்பிட்டால் தலைச்சுற்றல் வரும். முழங்காலுக்குக் கீழே, பழைய தழும்பில், ஈறில் தோல் நீலச் சாம்பலாக மாறும். சிலருக்குக் கல்லீரல் அழற்சி வரும். சிலருக்கு லூபஸ் (உடம்பு தன்னையே தாக்கும் ஒரு நோய்) மாதிரி ஒரு நோயை மருந்தே உண்டாக்கும், அதிலும் மூட்டுவலிதான் முதலில் வரும். மூட்டுவலிக்குச் சாப்பிட்ட மருந்தால் மூட்டுவலி வந்தால், நோய் கூடியதா மருந்து செய்ததா என்று வீட்டில் இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

டாக்சி சாப்பிட்டு வெயிலில் நின்றால் தோல் கருகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தெருவில் பூ விற்கிற அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பாலோடும், கால்சியம், இரும்பு மாத்திரையோடும், வயிற்றெரிச்சல் மருந்தோடும் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகளும் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் வேறு ஏதாவது தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கும்போது கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல், அதாவது டிரைமெத்தோபிரிம் சேர்ந்த சல்ஃபா மாத்திரை, மெத்தோட்ரெக்சேட்டோடு சேரவே கூடாது. இரண்டும் ஃபோலிக் சத்தின் வழியைத்தான் அடைக்கின்றன. சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ரத்த அணு செய்வதையே நிறுத்திவிடும். வாயெல்லாம் புண், காய்ச்சல், ரத்தக் கசிவு. ஒரு பாட்டிக்கு நேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். வேறு எங்கோ வாங்கிய ஐந்து நாள் மாத்திரை. பிழைத்தார், ஆனால் மூன்று வாரம் ஆஸ்பத்திரி.

மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. கேன்சருக்குக் கொடுக்கும் அளவு வேறு, இந்த வாரத்துக்கு 15, 20 மில்லிகிராம் என்ற அளவு வேறு, நெல்லிக்குப்பம் ஐயா. ஒரு படி உப்பும் ஒரு சிட்டிகை உப்பும் ஒன்றா? அப்புறம், லாபம் பற்றிச் சொன்னீர்கள். மெத்தோட்ரெக்சேட்டுக்கும் காப்புரிமை முடிந்து வெகு காலம் ஆகிறது. என் கடையில் மலிவான மருந்துகளில் அதுவும் ஒன்று.

நெல்லிக்குப்பத்தான்
திங்கள், இரவு 10:10

உப்புக் கணக்கு புரிந்தது. ஆனால் நான் குணமானது பொய்யா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வில்லியனூர்_டீச்சர்
திங்கள், இரவு 10:40

பொய் இல்லை ஐயா. நீங்கள் பட்டதும் உண்மை, மீண்டதும் உண்மை. ஒன்று கேட்கிறேன், உங்களுக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் எடுத்தார்களா? 2006-இல் தமிழ்நாடு முழுக்க, எங்கள் புதுச்சேரியிலும், சிக்குன்குன்யா வந்து எத்தனையோ பேர் சரவாங்கிக்காரர்கள் மாதிரியே நடந்தார்கள். காலையில் கை மடங்காது, இரண்டு பக்கமும் வலிக்கும். சில மாதத்திலிருந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு அது தானாக இறங்கிவிட்டது. சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிட்டது. 14 மாதம் என்ற உங்கள் கணக்கு அதோடும் பொருந்துகிறது. மினோசைக்ளின் உதவவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டில் எது என்று உங்களாலும் என்னாலும் பிரிக்க முடியாது.

நெல்லிக்குப்பத்தான்
செவ்வாய், காலை 6:15

பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்றுதான் இருக்கிறது. இத்தனை வருடம் அதைக் கவனித்ததே இல்லை.

மருந்துக்கடைத் தம்பி சொன்ன தோல் விஷயம். என் இரண்டு முழங்காலுக்குக் கீழும் நீலமாகத்தான் இருக்கிறது. வயலில் நின்றதால் என்று நினைத்திருந்தேன். மருந்தை விட்டு இத்தனை வருடம் ஆகிறது, இப்போது ஏதாவது செய்ய வேண்டுமா?

மருந்துக்கடை_முதுநகர்
செவ்வாய், காலை 7:00

நிறம் மட்டும் என்றால் உடம்புக்குக் கெடுதல் இல்லை ஐயா. சிலருக்கு மெல்ல மங்கும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும். ஆனால் அந்த வயதில் காலில் ரத்த ஓட்டக் குறைவாலும் நிறம் மாறலாம். ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள், மினோசைக்ளின் சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள்.

பாகூர்_அக்கா
செவ்வாய், மதியம் 2:30

கிருமி விஷயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஈறு வீக்கம் உள்ளவர்களுக்குச் சரவாங்கி அதிகம் காணப்படுகிறது. போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறுக் கிருமி, உடம்பின் புரதத்தைச் சற்றே மாற்றிவிடும். அப்படி மாறிய புரதத்தை எதிரி என்று நினைத்து உடம்பு உண்டாக்குவதுதான் ஆன்டி சிசிபி. 2013-இல் நியூயார்க்கில் ஒரு குழு, புதிதாகச் சரவாங்கி வந்தவர்களின் குடலில் பிரிவோட்டெல்லா கோப்ரி என்ற கிருமி கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஆகவே எங்கோ ஒரு கிருமி தீ மூட்டியிருக்கலாம். ஆனால் வீடு பற்றி எரியும்போது தீக்குச்சியைத் தேடி ஊதி அணைத்து என்ன பயன்? அந்த நேரத்தில் உடம்பு தன்னையே தாக்கிக்கொண்டிருக்கிறது, அதை அடக்கத்தான் மெத்தோட்ரெக்சேட்.

அதனால் தம்பி, அம்மா வெற்றிலை போடுவாரா? புகையிலை சேர்த்துப் போடுவாரா? பல்லையும் ஈறையும் ஒரு பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள். புகைபிடித்தல் இந்த நோய்க்கு உரம் போடும் என்பதில் சந்தேகமே இல்லை.

தேவனாம்பட்டினம்_88
செவ்வாய், இரவு 9:20

அக்கா, அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்கு வயது 19. சின்ன வயதில் இதயத்தில் வால்வுக் கோளாறு என்று எக்கோ எடுத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன காய்ச்சல்தான். நான் பேசிய பேச்சில் ஊசியை நிறுத்தலாமா என்று அவள் கேட்டாள். நல்லவேளை, கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பாகூர்_அக்கா
செவ்வாய், இரவு 9:35

நிறுத்தவே கூடாது கண்ணு. ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. திருமணம், பிரசவம் எதுவானாலும் டாக்டருக்கு அந்த வால்வு விஷயம் முதலில் தெரிய வேண்டும் என்று சொல்லி வை.

கெடிலக்கரை
வியாழன், இரவு 8:10

எல்லோருக்கும் தகவல். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி போனோம். ஜிப்மரில் இந்த நோய்களுக்கென்றே இம்யூனாலஜி பிரிவு இருக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரே சொன்னார், அங்கேயே காட்டினோம். கூட்டம் அதிகம், திரும்பும்போது இருட்டிவிட்டது, ஆனால் அம்மாவின் 28 மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்கள். இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வீங்கியவை 6. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தச் சோதனை 68. போன முறை 24 இருந்தது. மூட்டில் சீழ் இல்லை.

டாக்டரிடம் டாக்சி சாப்பிட்டதை மறைக்காமல் சொன்னேன், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. டீச்சர் எழுதிய அதே 1995 சோதனையை அவரும் சொன்னார். அப்போது கையில் இருந்த மருந்துகள் குறைவு, இன்று அதைவிட நன்றாகக் கேட்கும் மருந்து இருக்கும்போது நான் ஏன் அதை எழுத வேண்டும் என்றார். டாக்சியை நிறுத்தச் சொன்னார்.

குமட்டலைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது, எங்கள் மேலேயே. இரண்டு வருடமாக நாங்கள் அதை எந்த டாக்டரிடமும் சொல்லவே இல்லை. மருந்தென்றால் அப்படித்தான் என்று அம்மா பொறுத்துக்கொண்டார். மெத்தோட்ரெக்சேட்டை ஊசியாகத் தோலுக்கடியில் போட்டால் குமட்டல் குறையுமாம். இனி வாரம் ஒரு ஊசி, சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு, தூங்கிவிட்டால் பாதித் தொல்லை தெரியாது என்றார்கள். ஃபோலிக் ஆசிட்டும் கூட்டியிருக்கிறார்கள். வீக்கம் அடங்கும்வரை கொஞ்ச நாளைக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்காகக் கண் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள், அதையும் நாங்கள் இதுவரை செய்ததில்லை.

அக்கா, அம்மா வெற்றிலை போடுவார், புகையிலை இல்லை. ஈறில் ரத்தம் வருவதுண்டாம். பல் டாக்டரிடம் அடுத்த வாரம்.

மாமாவுக்குப் போன் செய்தேன். முதலில் வருத்தப்பட்டார். 20 மில்லிகிராம், 100 மில்லிகிராம் சோதனையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்காவுக்கு அந்த ஊசி மாதம் எவ்வளவு ஆகும், நான் அனுப்புகிறேன்" என்றார்.

வில்லியனூர்_டீச்சர்
வியாழன், இரவு 8:55

கண் கலங்கிவிட்டது தம்பி. ஊசியை வீட்டிலேயே போடலாம், நான் எனக்கு நானே போட்டுக்கொள்கிறேன். தொடையில் அல்லது தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி வயிற்றில். வாராவாரம் இடம் மாற்றுங்கள். அம்மாவுக்கு விரல் பிடித்திருக்கும் நாளில் நீங்கள் போட்டுவிட வேண்டியிருக்கும், அதனால் நீங்களும் கற்றுக்கொண்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்து ரத்த அணு, கல்லீரல் சோதனை இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் அந்த வார ஊசியைப் போடுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

கெடிலக்கரை
ஞாயிறு, காலை 10:30

நேற்று ராத்திரி முதல் ஊசி. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி நான்தான் போட்டேன், கை நடுங்கியது, அம்மாவுக்கு நடுங்கவில்லை. இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டார். வயிறு கொஞ்சம் புரட்டுகிறதாம், படுக்கும் அளவுக்கு இல்லை.

காலண்டரில் தை வரைக்கும் எல்லாச் சனிக்கிழமையையும் அவரே வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பேனா பிடிக்க முடியவில்லை என்று பூ வைக்கும் கூடையிலிருந்து குங்குமத்தை எடுத்து விரலால் தொட்டு வைத்திருக்கிறார்.